எல்லாருக்கும் ஒரே நேரத்தில்

எங்கள் பக்கத்தில் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சாவை சாவு என்று சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா" என்பார்கள். உண்மையைச் சொன்னால் வழியில் பதறிப்போய் எங்கேயாவது விழுந்து வைக்குமாம். வந்து சேரும்வரை நெஞ்சில் ஒரு நம்பிக்கை இருக்கட்டுமாம். நமுனுகுல மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் இல்லை, ஸ்பிரிங்வெளியிலும் இப்படித்தான், ஹல்துமுல்லைப் பக்கம் கட்டிக்கொண்டு போன என் சித்தி வீட்டிலும் இப்படித்தான்.

அப்பா செத்தபோது நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். அண்ணன் போன் பண்ணி அதே வசனத்தைச் சொன்னான். நானும் நம்பினேன். நோயாளிக்கு ஆகுமே என்று தோடம்பழமும் பால்மா பக்கெட்டும் வாங்கிக்கொண்டு, ரயிலில் நின்றபடியே வந்து சேர்ந்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண் ஒருத்தி என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துவிட்டாள். தோட்டத்து பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. டிரைவருக்குக்கூடத் தெரியும். பெற்ற மகளுக்கு மட்டும் தெரியாது. மடியில் பழப் பையை வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் மலையேறிப் போன அவமானம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அப்பாவுக்குப் பிறகு நான் கொழும்புக்குத் திரும்பவில்லை. பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கம்யூனிகேஷன் கடையில் சேர்ந்தேன். போட்டோ பிரதி எடுப்பது, டைப் அடிப்பது, பிள்ளைகளுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்த்துக் கொடுப்பது, இதுதான் வேலை. கூட்டமில்லாத நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதப் பழகினேன். முதலில் எழுதியதெல்லாம் உருப்படாத சாமான். "அதுக்குள்ள அப்படி என்னதான் தோண்டுறீங்க மகள்" என்று நானா கேட்பார். எதைத் தோண்டுகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தோட்டத்தில் எங்கள் பிரிவுக்கென்று ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் எல்லாரும் காசு போடுவார்கள், சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், சாப்பாடு எல்லாவற்றையும் சங்கம் பார்க்கும். ஆட்களுக்குச் சொல்லி விடுவதும் சங்கத்தின் வேலைதான். அதுதான் அதில் பெரிய தலைவலி. பாதிப் பிள்ளைகள் கொழும்பில், மீதிப் பேர் குவைத்திலும் டுபாயிலும். யாருக்காவது சொல்ல விட்டுப்போனால் அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பகை. சங்கச் செயலாளர் எங்களுக்கு மாமா முறை, ஃபேக்டரியில் வேலை. ஒரு கேதம் வந்தால் நாள் முழுக்க போனைக் காதில் வைத்து வைத்து அவருக்குத் தொண்டை கட்டிவிடும். அப்படியும் ஏச்சு வாங்குவார்.

அவருக்காகத்தான் அந்தப் புரோகிராமை எழுதினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காக எழுதினேன். கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு சிம் போட்டேன். மாமா அந்த நம்பருக்கு எடுத்து அறிவித்தலைத் தன் குரலில் சொன்னால் போதும், மெஷின் அதைப் பதிவு பண்ணி சங்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் தானே அழைப்பு எடுக்கும். எழுத்தில் அனுப்பவில்லை. எங்கள் பொம்பளைகளில் பலர் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கும்போது கண்ணாடி தேடி வாசிக்க மாட்டார்கள், காதில்தான் கேட்பார்கள். முன்னால் கொஞ்சம் தப்பு மேளம் சேர்த்தேன். சாவு வீட்டில் அடிக்கிற அடி. போனை எடுத்ததும் அந்த அடி கேட்டால் சொல்லுக்கு முன்னாலேயே மனசு தயாராகிவிடும்.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். சொன்னால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், கொழும்பில் இருக்கிற மகனுக்கு ஒரு கதை, லயத்தில் இருக்கிற மருமகளுக்கு ஒரு கதை கூடாது. சங்கக் கூட்டத்தில் பெருசுகள் ஆடித் தீர்த்துவிட்டார்கள். "பஸ்ஸில வர்ற புள்ளைக்கு இப்பிடிச் சொன்னா நெஞ்சு வெடிச்சிராதா?" என்று ஒருவர் எழும்பினார். எனக்கு வந்ததே கோபம். "எனக்கு வெடிக்கலையே, உங்க முன்னாலதானே நிக்கிறேன்" என்றேன். கடைசியில் மாமாவின் தொண்டைதான் என் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இனியும் அத்தனை பேருக்குப் பேச அவரால் முடியாது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எதையும் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லணும் உனக்கு. அப்பா வீட்டு ஆளுக புத்தி" என்றாள். சோற்றைப் போட்டுக்கொண்டேதான் சொன்னாள். நானும் தின்றுகொண்டே சண்டை பிடித்தேன். அம்மாவும் நானும் அப்படித்தான், சண்டை பிடிக்காத நாளில் இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அந்த அம்மாவுக்குத்தான் இந்த வருஷம் நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போனது. இருதயம் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்து, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து வீட்டுக்கு வந்தாள். நடந்தால் மூச்சு வாங்கும். இரவில் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்ன ஜாக்கிரதை, எப்படி ஜாக்கிரதை என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. பதுளையில் ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்க வந்த கொழும்பு மிஸ் ஒருவர் கடையில் என் மெஷினைப் பார்த்துவிட்டு விட மாட்டேன் என்றார். சிங்கள ஆள், நல்ல மனுஷி. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் மாநாடு, கலைக்காகவும் சனங்களுக்காகவும் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுகிறார்கள், நீயும் பேச வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். அம்மா கேட்டுவிட்டாள். லயம் முழுக்க விஷயத்தைப் பரப்பியும்விட்டாள். என் மகள் மைக் பிடித்துப் பேசப் போகிறாள், வெள்ளைக்காரன் எல்லாம் கேட்கப் போகிறான் என்று. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில்கூட அதுதான் பேச்சு என்று அண்ணன் வந்து சொன்னான். கங்காணி இவனிடம் "தங்கச்சி எப்ப பேசுது" என்று விசாரித்தாராம்.

"நீ இப்பிடிக் கிடக்க நான் எப்பிடிப் போறது" என்று கேட்டேன்.

"நான் என்ன ஓடியா போறேன்? ரெண்டு நாள்தானே. போயிட்டு வா. போகலனா நான் மருந்து குடிக்க மாட்டேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான்.

போகும் முன் மாமாவிடம் போனேன். அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் எனக்கு மறைக்கக் கூடாது, எல்லாருக்கும் போகிற மாதிரி எனக்கும் போக வேண்டும், சீரியஸ் கீரியஸ் என்று கதை விடக் கூடாது என்றேன். "சத்தியம் பண்ணுங்க" என்றேன். அவருக்குச் சங்கடமாக இருந்தது. கோயில் பக்கம் திரும்பி, "மாரியாத்தா மேல சத்தியம் புள்ள. நீ எழுதினதை நான் மீறுவனா" என்றார். கடையில் நானாவும் "மெஷின் இங்க ஓடிட்டுத்தானே ஈக்கும், யோசிக்காமப் போங்க மகள்" என்றார். நான் கிளம்பினேன்.

முதல் நாள் நான் மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வண்ண வண்ணமாக ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப் வைத்திருந்தார்கள். என்னுடையது நானா கடையின் லேப்டாப், மூடியில் போட்டோ பிரதி விலை ஒட்டியிருந்தது. ஒருத்தர் கையை ஆட்டினால் திரையில் மழை பெய்தது. இன்னொருத்தர் அலை உயரத்தைப் பாட்டாக மாற்றிக் காட்டினார். ஒரு வெளிநாட்டுப் பெண் கோலம் போடுகிற புரோகிராம் எழுதியிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எழும்புகிறவர்கள் எல்லாரும் சனங்கள், சனங்கள் என்றார்கள். சனங்களுக்காக, சனங்களோடு, சனங்களிடமிருந்து. அந்த மண்டபத்து ஜன்னலில் நமுனுகுல மலை தெரிந்தது. பாதி முகில் மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் கையைக் காட்டி, இந்த மலையில் சனங்கள் இருக்கிறார்களா என்று ஒரு வெளிநாட்டுக்காரர் என்னிடம் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். வேறென்ன சொல்ல.

தேநீர் நேரத்தில் தட்டோடு வந்த ஹோட்டல் ஆள் மட்டும் என்னிடம் தமிழில் பேசினார். தலை நரைக்கத் தொடங்கிய மனுஷர், எல்ல ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து ஆள். "எந்தத் தோட்டங்க?" என்றார். சொன்னேன். "நம்ம புள்ள இந்தக் கூட்டத்துலயா" என்று எனக்கு மட்டும் இன்னொரு வடை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மாமாவிடம் சொல்லி மாதிரிக்கு ஒரு அறிவித்தல் பதிவு பண்ணிப் போடச் செய்தேன், யாருக்கும் அழைப்புப் போகாத மாதிரி. "இது மாதிரிக்கு மட்டும், யாரும் பயப்பட வேண்டாம்" என்று தொடங்கும். மேடையில் பொத்தானை அழுத்தினால், கடையில் ஓடுகிற மெஷினில் ஆகக் கடைசியாகப் பதிவானது இன்டர்நெட் வழியாக வந்து ஒலிக்கும், அப்படித்தான் எழுதியிருந்தேன். அந்த மாதிரிதான் கடைசிப் பதிவு. சரிபார்த்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்கு எடுத்தேன். அண்ணன்தான் போனில் வந்தான்.

"அம்மா எப்பிடி?"

"தூங்குது."

"இவ்வளவு நேரமா?"

"நல்லாத் தூங்குது. நீ பேசிட்டு வா." வைத்துவிட்டான். அண்ணன் எப்போதும் அளந்துதான் பேசுவான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரவு முழுக்க மூச்சு வாங்கிவிட்டு விடியும் நேரம் கண்ணயர்ந்திருப்பாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு சேலையைக் கட்டினேன்.

தேநீருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சிங்களமும் இங்கிலீஷும் கலந்து பேசினேன். சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். மலையில் நிற்கிற பெண்கள் ஏன் காதால் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அப்பாவின் கதையைச் சொல்லவில்லை, அது அவர்களுக்கு எதற்கு. எங்கள் ஊரில் செய்தி ஆள் பார்த்துப் போகும், இந்த மெஷினுக்கு ஆள் பார்க்கத் தெரியாது, இதில் யாரும் விடுபட மாட்டார்கள் என்றேன். முன்வரிசையில் கொழும்பு மிஸ் தலையாட்டினார். "இப்போது கேளுங்கள்" என்று பொத்தானை அழுத்தினேன்.

முதலில் தப்பு அடித்தது. பெரிய ஸ்பீக்கரில் அது மண்டபத்தையே தூக்கியது. அந்த வெளிநாட்டுக்காரர் தாளத்துக்குத் தலையை ஆட்டினார். நான் "மாதிரிக்கு மட்டும்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். மாமாவின் குரல் அப்படித் தொடங்கவில்லை. மேல் பிரிவு கோயில் லயத்தைச் சேர்ந்த என்று தொடங்கி, அம்மாவின் பெயரைச் சொன்னது. முழுப் பெயர். அந்தப் பெயரை அப்படி முழுசாகச் சொல்லி யாரும் அம்மாவைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலஞ்சென்ற இன்னாரின் மனைவி என்று அப்பா பெயர். இன்னாரின் தாயார் என்று அண்ணன் பெயர். அடுத்து என் பெயர்.

"இன்னைக்கு விடியக்காலம் காலமாகிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். நம்ம பிரிவுல யாரும் பெரட்டுக்குப் போக வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இன்னொரு விஷயம். மகள்காரி பண்டாரவளையில கூட்டத்துல பேசப் போயிருக்கு. அவ நம்பரை லிஸ்ட்டுல இருந்து நான் எடுத்துட்டேன். பேசி முடிக்கிற வரைக்கும் அவளுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லிறாதீங்க. அம்மாவே ராத்திரி என்கிட்ட கேட்டுக்கிட்டது. அவங்களோட கடைசி ஆசை அது. நன்றி வணக்கம்."

திரும்பவும் தப்பு, அதோடு முடிந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். பலமாகத் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்த ஆள் கிடையாது. ஒருவரைத் தவிர. வாசல் பக்கம் அந்த ஹோட்டல் மனுஷர் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். தோட்டத்துக்கே சொல்லியிருக்கிறார்கள். குவைத்தில் இருக்கிறவளுக்குத் தெரியும், டுபாயில் இருக்கிறவனுக்குத் தெரியும். ஊர்விட்டுப் போகிறவர்களின் நம்பரை லிஸ்ட்டிலிருந்து எடுக்க மாமாவுக்கு வழி காட்டிக் கொடுத்தவளும் நான்தான். அந்த வழியாலேயே என்னை எடுத்திருக்கிறார். யாரைப் பிடித்துக் கேட்பது? மாமாவையா, அண்ணனையா? கேட்டுக்கொண்டவள் அம்மா. அவளோடு சண்டை பிடிக்கத்தான் எனக்கு எப்போதும் தெரியும், இனி அதுவும் முடியாது.

"என்ன அழகான குரல். என்ன சொல்கிறார்?" என்று கொழும்பு மிஸ் மைக்கில் கேட்டார்.

"ஒரு மரண அறிவித்தல்" என்றேன்.

"யாருடையது?"

"எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மா."

சொல்ல இன்னும் பாதி இருந்தது. திரையில் அடுத்த படம் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். கடைசி வரிசை தாண்டும் முன் அந்த மனுஷர் என் பையையும் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டார். "வாங்கம்மா. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். நம்ம பையன்தான், பார்த்துக் கொண்டு போவான்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், ஏற்றி விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

எல்ல தாண்டி மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரப் பையன் பக்கத்துப் படங்கை இறக்கிக் கட்டினான். வழி நெடுக அழைப்பு எதுவும் வரவில்லை. எத்தனை பேரிடம் என் நம்பர் இருக்கிறது, ஒருத்தர்கூட எடுக்கவில்லை. மாமாவின் பேச்சை அத்தனை பேரும் மதித்திருக்கிறார்கள். அம்மாவின் ஆசைக்காக ஒரு தோட்டமே வாயை மூடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

கோயில் வளைவில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லை, எங்கள் லயத்து முன்னால் சனம் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் பொம்பளைகள் ஒப்பாரியை ஏற்றினார்கள். மாமா பந்தலை விட்டு மழையில் இறங்கி ஓடி வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் சத்தியத்தை மீறின மனுஷனின் பயம் அப்படியே தெரிந்தது. நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தார். நானும் அந்த எண்ணத்தில்தான் ஆட்டோவை விட்டு இறங்கினேன்.

"எப்பிடிப் புள்ள தெரிஞ்சுது? இப்பத்தான் உனக்கு எடுக்கலாம்னு இருந்தேன்."

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பேசி முடிச்சிட்டியா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று இதே ஆட்களோடு மல்லுக்கு நின்றவள் நான்.

"முடிச்சிட்டேன்" என்றேன்.

"முழுசா?"

"முழுசாப் பேசிட்டுத்தான் வந்தேன். அதுக்குப் பிறகுதான் தெரியும்."

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க. ரொம்ப நேரம் தட்டினாங்க."

மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் என் தோளை விட்டுவிட்டு எங்கள் காம்பரா அறைக்குள் போனான். நானும் பின்னால் போனேன். அம்மாவைச் சுவரோரம் கிடத்தி, தாடையைக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். அண்ணன் குனிந்து, காது கேளாதவர்களிடம் பேசுகிற மாதிரி அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, சத்தமாகவே சொன்னான்.

"அம்மா, உன் மக பேசி முடிச்சிட்டாளாம்."